செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும் மிருக வைத்தியசாலைக்கு ஐந்து நட்சத்திரம்

இந்த இடத்தைப் பற்றி கூகிளில் எழுதியிருப்பதை வாசித்தால் ஒரே முறைப்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். இரவு எட்டு மணிக்குப் பிறகு போன் எடுக்கமாட்டார்கள், செவ்வாய்க்கிழமை பூட்டு, நம்பர் முடிந்துவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பி நாளைக்கு வரச் சொல்கிறார்கள். ஒருவர் "மிருகங்களில் இரக்கமே இல்லாத டொக்டர்" என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். நான் ஐந்து போடுகிறேன். மேலே சொன்ன முறைப்பாடுகள் எல்லாம் உண்மை, அது தெரிந்தேதான் போடுகிறேன்.

பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று டொக்டரிடம் கேட்டேன். "எழுதுங்கோ, பேரை மட்டும் போடாதேங்கோ, இப்ப வாற சனத்தையே பார்த்து முடிக்க ஏலாமல் கிடக்கு" என்றார். யாழ்ப்பாணப் பக்கம் நாய் பூனை வளர்ப்பவர்களுக்கு எப்படியும் விளங்கிவிடும்.

முதலில் இடம். பழைய கல்வீடு ஒன்றின் முன் பாதி. விறாந்தையில் இரண்டு நீள வாங்கு, மேலே தகரம், பதினொரு மணிக்குப் பிறகு நல்ல வெக்கை. கூடைக்குள் பூனை வைத்திருப்பவரும் பெரிய அல்சேஷனைப் பிடித்திருப்பவரும் ஒரே வாங்கில்தான் இருக்கவேண்டும், பூனைகளுக்கு அது பெரிய கஷ்டம். எக்ஸ்ரே இல்லை. இரத்தம் எடுத்து வெளியே லாப்புக்கு அனுப்புகிறார்கள், ரிப்போட் அடுத்த நாள் வரும். உள்ளே அறை சின்னது, ஆனால் சுத்தம். ஒரு நாய் இறங்கியதும் அங்கே உதவிக்கு நிற்கிற தம்பி மேசையைத் துடைத்து, தரையைக் கழுவி, பிறகுதான் அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். பார்க்கிறதற்கு 1500 ரூபா. ஊசிகளின் விலையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் காசுக் கதை டொக்டரின் வாயிலிருந்து வரவேண்டிய தேவை பாதி குறைந்துவிடுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் நாய் ஜிம்மிக்கு 11 வயது. இரண்டு தரம் உண்ணிக் காய்ச்சல் வந்து இதே டொக்டரின் கையில் தப்பியவன். இந்த வருடம் வைகாசியில் சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கத் தொடங்கினான், தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தான். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு, எக்கச்சக்கம். டொக்டர் ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் சிறுநீரகத்தைக் கீறி, இதில் எவ்வளவு போய்விட்டது, மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று பென்சிலால் நிழல் போட்டுக் காட்டினார். மூன்று நாள் சேலைன் ஏற்றினோம். நாலாம் நாள் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து, "இனி நான் செய்யிறது உங்களுக்காகத்தான் இருக்கும், அவனுக்காக இராது" என்றார். ரொறன்ரோவில் இருக்கிற என் சொந்தத் தம்பி வட்ஸ்அப்பில் வந்து, அங்கே நாய்களுக்கு டயாலிசிஸ் எல்லாம் இருக்கிறதாம், இவர்கள் சும்மா விடச் சொல்கிறார்கள் என்று கத்தினான். டொக்டர் போனைக் கையில் வாங்கி, அவன் பேசி முடிக்கும்வரை கேட்டு, பதில் சொல்லி, திருப்பித் தந்தார். வெளியே பதினைந்து பேர் இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை ஜிம்மியைத் தூங்க வைத்தோம். அவன் தலை என் மடியில். டொக்டர் முன்னங்காலில் மயிரை வழித்து, நரம்பைப் பெருவிரலால் தடவித் தேடினார், ஊசி போடும் முன் அவன் காதடியில் இரண்டு விரலால் சொறிந்துவிட்டார். அந்த இடத்தில் சொறிந்தால் அவன் கண்ணை மூடுவான் என்பது எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பதினொரு வருடத்தில் அவரும் கவனித்திருக்கிறார்.

சாக்கில் சுற்றி வெளியே கொண்டுவந்து ஓட்டோவுக்காக நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். தம்பி கதவைச் சாத்திவிட்டு, "டொக்டர் பத்து நிமிசத்தில வருவா, கொஞ்சம் இருங்கோ" என்று வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னார். ஒரு ஐயா, "இப்ப என்ன ரீ குடிக்கிற நேரமோ?" என்று சத்தம் போட்டார். தம்பி பேசவில்லை. வீட்டின் பக்கவாட்டால் பார்த்தால் பின் வளவு தெரியும். கிணற்றடியில் டொக்டர் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு நின்றார். கழுவி முடிந்தும் தண்ணீரைத் திறந்தபடியே விட்டு நின்றார். பிறகு மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரையில் போய் இருந்தார், போன் பார்க்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பிறகு தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஒரு மிருகத்தைத் தூங்க வைத்தால் பத்து நிமிடம் கட்டாயம், எத்தனை பேர் வெளியே நின்றாலும் சரி.

அதைப் பார்த்ததும் எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்காவும் மிருக வைத்தியர். பேராதனையில் படித்தவர், இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் படிக்க வேறு இடமும் இல்லை. வன்னியில் ஒரு அரச கால்நடை அலுவலகத்தில் வேலை. 2020இல் மாடுகளுக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியாக வந்ததே, அப்போது காலை ஐந்து மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். 2022இல் டீசலும் இல்லை மருந்தும் இல்லை, சனம் மட்டும் போன் எடுத்துக்கொண்டே இருந்தது. அந்த மார்கழியில் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் செத்தன, நினைவிருக்கும். அக்கா வயல்வெளியில் செத்த மாடுகளை எண்ணிப் படிவம் நிரப்பினார். முப்பது மாட்டில் நாலு மிஞ்சிய ஒரு மனுசன், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "பிள்ளை, நேற்றே வந்திருக்கலாமே" என்று கேட்டாராம். வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். அந்தக் கேள்வி இன்னும் அவருக்குக் கேட்கிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் படுத்துவிடுவார். போன் அடித்தால் உடம்பு ஒருதரம் உதறும். எந்த மாட்டுக்காரரைப் பற்றிப் பேசினாலும் எரிந்து விழுந்தார், ஆட்டுக்குட்டியைக் கண்டால் தூக்கி மடியில் வைக்கிற மனுசி அவர். நாங்கள் என்ன செய்தோம்? எண்ணெய் வைத்து முழுகு, நயினாதீவுக்கு ஒருக்கால் போய் வா, எல்லாம் கண்ணூறு என்றோம். அம்மா, "அரசாங்க உத்தியோகம், மாசம் முடியச் சம்பளம், இதில் என்ன கவலை" என்று கேட்டார். ஒரு காலை அக்கா மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தார், ஸ்டார்ட் பண்ணவில்லை, அரை மணி நேரம் அப்படியே இருந்தார். அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

பேர்ன் அவுட் என்கிறார்களே, உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் அதை வேலையால் வருகிற ஒரு நிலை என்று விளக்கி எழுதியது. உடம்பில் சக்தி வடிந்துபோவது, செய்கிற வேலையிலேயே வெறுப்பு வந்து மனம் தள்ளிப்போவது, தான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும். அக்காவிடம் மூன்றும் இருந்தன. இதோடு இரங்கி இரங்கிக் களைத்துப்போவது என்று இன்னொன்று இருக்கிறது, நோயாளியின் வலியைத் தினமும் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு வருவது. மிருக வைத்தியர்களுக்கு அது இரட்டிப்பு. மனுசருக்கு வைத்தியம் செய்கிற டொக்டர் ஒருவர், காப்பாற்றிய அதே கையால் அரை மணித்தியாலத்தில் இன்னொரு உயிரை முடித்து வைக்கவேண்டி வருவதில்லை. 1979 முதல் 2015 வரை அமெரிக்காவில் இறந்த மிருக வைத்தியர்கள் 11,620 பேரின் பதிவுகளைப் பார்த்த ஒரு ஆய்வு 2019இல் வந்தது. 398 பேர் தற்கொலை. பொதுச் சனத்தோடு ஒப்பிட்டால் அந்த மரணங்களின் பங்கு ஆண்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு. அமெரிக்கா வேறு, நாங்கள் வேறு, சரி. ஆனால் கை ஒன்றுதான், நாய் ஒன்றுதான்.

அப்புறம் காசு. இங்கே ஒரு மிருக வைத்தியர் நாளில் எத்தனை தரம் கேட்கிற வசனம் தெரியுமா, "வாயில்லாச் சீவன், அதுக்குமா காசு?" என்று. மருந்து கொழும்பிலிருந்து காசு கொடுத்துத்தான் வருகிறது. குணமாக்கக்கூடிய நாயை, வீட்டுக்காரரிடம் காசில்லை என்பதால் அப்படியே திருப்பி அனுப்புவது டொக்டருக்கு எப்படி இருக்கும் என்று நாங்கள் நினைப்பதே இல்லை. இன்னொன்று, பெட்டைக் குட்டி என்றால் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவது. சந்தையிலும் கோயிலடியிலும் விடுவதை விட இது புண்ணியம் என்று நினைக்கிறார்கள் போல. நான் போன ஒரு நாள் கேற்றடியில் வாழைப்பழப் பெட்டிக்குள் ஐந்து குட்டி, கண் திறக்கவில்லை, மேலே ஒரு பழைய சாரம். டொக்டர் கேற்றைத் திறக்க வந்து, பெட்டியைப் பார்த்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அன்றைய வேலை அப்படித்தான் தொடங்கியது.

இதையெல்லாம் வைத்துத்தான் அந்த எட்டு மணியையும் செவ்வாய்க்கிழமையையும் நான் பார்க்கிறேன். டொக்டரே சொன்னார், இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மாதம் இந்த இடம் முழுதாகப் பூட்டியிருந்தது. எல்லோரும் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். வீட்டில்தான் இருந்தாராம், நித்திரை இல்லாமல். பிறகு உளவளத்துணைக்குப் போய், திரும்பித் திறக்கும்போது இந்த ஒழுங்குகளோடு திறந்தார். ஒரு நாளைக்கு 25 நம்பர். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாடு, கதவு பூட்டு. செவ்வாய் தம்பிக்கும் லீவு, சம்பளத்தோடு. இரவு அவசரத்துக்கு இன்னும் இரண்டு டொக்டர்மாரோடு முறை வைத்திருக்கிறார்கள், இன்றிரவு யார் என்று கேற்றில் நம்பரோடு எழுதித் தொங்குகிறது. ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. இரவு பத்தரைக்கு ஜிம்மிக்கு வலிப்பு வந்தபோது நான் அதைப் பார்த்துத்தான் எடுத்தேன், மற்ற டொக்டர் எடுத்தார், வந்தார்.

குறைகளும் சொல்லவேண்டும். அந்தப் பத்து நிமிடம் எதற்கு என்று எங்கும் எழுதவில்லை. ஆகையால் ஏச்சு முழுவதும் தம்பிக்கு. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை, அவரும்தான் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கும் பத்து நிமிடம் வேண்டும். நான் டொக்டரிடம் ஒரு வசனம் எழுதி ஒட்டச் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். கார்ட் எடுக்கமாட்டார்கள், காசு கொண்டு போங்கள். பூனைகளுக்கு வேறு வாங்கு போட்டால் நல்லது. எக்ஸ்ரே தேவைப்பட்டால் அலைச்சல்தான்.

எங்கள் ஊரில் உளவளத்துணை என்ற சொல் புதிது இல்லை. சண்டைக்குப் பிறகு கிராமம் கிராமமாக அந்த வேலை நடந்தது, காணாமல் போனவர்களின் தாய்மாருக்கு, கால் இழந்தவர்களுக்கு. மாட்டு டொக்டருக்கும் அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் வீட்டிலும் தோன்றவில்லை. அக்கா கடைசியில் 1926க்கு எடுத்தார், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது. அங்கே தொடங்கித்தான் பிறகு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனார். இப்போது வேறு மாவட்டத்தில் பயிற்சி கொடுக்கிற வேலை. ஆடு வளர்க்கிறார், மூன்று. இதை வாசிக்கிற மிருக வைத்தியரோ, அவர்களோடு வேலை செய்கிற தம்பி தங்கைமாரோ இருந்தால், எடுங்கள், பைக்கில் அரை மணி நேரம் இருக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

போகிறவர்களுக்கு: காலை எட்டுக்கு நம்பர் கொடுப்பார்கள், ஏழரைக்கே போய்விடுங்கள். ஊசி அட்டையைக் கொண்டு போங்கள். கடிக்கிற நாய் என்றால் வாய்க்கட்டு போட்டுக்கொண்டு போங்கள், முதலே சொல்லுங்கள், "ஒன்றும் செய்யாது" என்று சொல்லாதீர்கள். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளோடு வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

போன வியாழன் புதுக் குட்டியை முதல் ஊசிக்குக் கொண்டு போனேன், எங்களுக்கு 17ஆம் நம்பர். அவசரத்தில் ஜிம்மியின் அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன். டொக்டர் இரண்டையும் வாங்கி, குட்டிக்குப் புது அட்டை எழுதி, பழைய அட்டையை விரித்து ஒருதரம் முழுதாகப் பார்த்துவிட்டு, மடித்து என் கையில் தந்தார். அடுத்தது 18.