கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் ஐந்து வருடம்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில், ரொக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்பும் இந்தக் கணினி விளையாட்டை நிறுவி ஐந்து வருடமாகிறது. 2015இல் முழுப் பதிப்பாக வந்தது, நான் சேர்ந்தது மிகவும் பிந்தித்தான். இன்னமும் வாரத்தில் இரண்டு இரவாவது அதோடு போகிறது. என்னைப் பிடித்து வைத்திருப்பவை ஒப்பந்தப் பணத்தில் விண்வெளித் திட்டத்தை நடத்தும் கேரியர் முறையில் வரும் ஆய்வுப் பயணங்கள்.

ஒப்பந்தம் எடுத்தால் முற்பணம் கிடைக்கும், முடித்தால் மீதி. முதல் தடை சுற்றுப்பாதை. நாங்கள் புறப்படும் கெர்பின் கிரகத்தின் காற்று 70 கிலோமீற்றரோடு முடிகிறது. நேரே மேலே போனால் போதும் என்று நினைத்து இரண்டு வாரம் ரொக்கெட்டுகளை விழுத்தினேன். உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகம்தான் முக்கியம். மொத்தம் செக்கனுக்கு 3,400 மீற்றர் அளவு டெல்டா-வி, அதாவது எரிபொருளை எரித்துப் பெறும் வேக மாற்றம், வேண்டும். கிழக்கே சாய்ந்து ஏறினால் கிரகத்தின் சுழற்சி அதில் ஏறத்தாழ 175 மீற்றரைச் சும்மா தருகிறது. கொழும்பும் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தான், நாங்கள் நிற்கிற நிலம் செக்கனுக்கு 460 மீற்றர் அளவில் கிழக்கே ஓடுகிறது. பல்கனியில் வைத்து இதைச் சொன்னபோது தங்கச்சியின் மகன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அப்ப நாங்களும் ஓடுறமா மாமா?” என்றான்.

அப்புறம் கெர்பினின் மூன் என்ற துணைக்கோள். நன்றாகவே இறங்கினேன். கொடி நட்டு, மண் எடுத்து, ஒப்பந்தத்துக்கு வேண்டியதெல்லாம் செய்த பிறகுதான் பார்த்தேன், திரும்ப எரிபொருள் இல்லை. விமானியை அங்கேயே விட்டுவிட மனம் வரவில்லை. வெற்று இருக்கையோடு இன்னொரு கலம் அனுப்பினேன். அது நாலு கிலோமீற்றர் தள்ளி இறங்கியது. அவரை நடத்திக் கூட்டிவந்து ஏற்றிய அந்த இரவு வேறெந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதன் பிறகு எந்தக் கலத்தையும் திரும்பி வரும் பகுதியில் இருந்துதான் கட்டத் தொடங்குகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் மூனுக்கு முன் கெர்பினின் மற்றத் துணைக்கோளான மின்மஸை முயலலாம். மூன் 12,000 கிலோமீற்றர் தூரம், மின்மஸ் 47,000. ஆனால் மின்மஸின் ஈர்ப்பு மிகக் குறைவு. தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து இறங்க அங்கே செக்கனுக்கு 180 மீற்றர் அளவு போதும், மூனில் 580 வேண்டும். தூரம் கூட, செலவு குறைவு.

டூனா என்ற கிரகம் பொறுமையைக் கேட்கும். அது கெர்பினுக்கு 44 பாகை முன்னே நிற்கும்போது புறப்பட வேண்டும், தவறவிட்டால் இரண்டு கெர்பின் வருடத்துக்கு மேல் காத்திருப்பு. காற்று மெல்லியது, பாரமான கலத்துக்குப் பரசூட் மட்டும் போதாது. கடைசி நேரத்தில் எஞ்சினைக் கொஞ்சம் எரியுங்கள்.

உதிரிப்பாகம் சோதிக்கும் ஒப்பந்தங்கள் அலுப்பு, நான் எடுப்பதே இல்லை. பாகங்கள் கூடினால் கணினி திணறும். 2022 மின்வெட்டுக் காலத்தில் தரை தொடுவதற்குச் சற்று முன் கரண்ட் போய், அதுவரை செய்ததெல்லாம் அழிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு எரிப்புக்கும் முன் விரல் தானாக, ஆட்டத்தைச் சேமிக்கும் எஃப்5 விசைக்குப் போகிறது.

ஈவ் என்ற கிரகத்துக்கான ஒப்பந்தத்தை இன்னும் எடுக்கவில்லை. ஈர்ப்பு கெர்பினைப் போல 1.7 மடங்கு, காற்றழுத்தம் ஐந்து மடங்கு. இறங்குவது சுகம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தான் செக்கனுக்கு 8,000 மீற்றர் அளவு வேண்டும். அந்த ஏறும் ரொக்கெட்டைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.