'கிளீவ்': பிளப்பதா, ஒட்டிக்கொள்வதா?

ஆங்கிலத்தில் 'கிளீவ்' (cleave) என்ற வினைக்குப் பிளப்பது என்றும் பொருள், ஒட்டிக்கொள்வது என்றும் பொருள். அடிப்படையில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்குக் 'கிளேயோஃபன்', ஒட்டுவதற்குக் 'கிளிஃபியன்'. ஒலி தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ஜெர்மனில் 'கிளீபென்' பிளப்பது, 'கிளேபென்' ஒட்டுவது எனப் பிரிந்தே நிற்கின்றன.

பிளக்கும் கிளீவ்தான் இன்று நல்ல உயிரோடு இருக்கிறது. 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் கல்லினன் வைரத்தைப் பிளந்தார்களே, அந்தச் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடையாது. வெறும் வெட்டு அல்ல. படிகத்தின் இயல்பான தளத்தையொட்டிப் பிளப்பது. என்சைம்கள் புரதத்தையும் டிஎன்ஏவையும் துண்டிப்பதற்கும் அறிவியலில் இதே சொல். கறிக்கடையின் கனத்த கத்தியான 'கிளீவர்', பிளவுபட்ட அண்ணமான 'கிளெஃப்ட் பாலேட்', மாட்டின் பிளவுக் குளம்பான 'குளோவன் ஹூஃப்' எல்லாம் இதன் வாரிசுகள். இறந்தகாலத்தில்தான் மாணவர்கள் திணறுவார்கள்: குளோவ், கிளெஃப்ட், கிளீவ்டு மூன்றுமே சரி.

ஒட்டும் கிளீவுக்கு இன்றைய வழக்கில் 'கிளீவ்டு' போதும். வினைக்குப் பின்னால் 'டு' (to) அல்லது 'அன்டு' (unto) என்ற தனிச்சொல் வரும். அடையாளம் காண அதுவே வழி. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளின் ஆதியாகமத்தில், கணவன் மனைவியோடு சேர்ந்திருப்பதை இந்த வினைதான் சொல்கிறது. தமிழ் வேதாகமம் அங்கே 'இசைந்திருப்பான்' என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. கொள்கையை விடாமல் பற்றுவதற்கும் இது பொருந்தும். ஆனால் அன்றாடப் பேச்சில் பழமை வாடை அடிக்கும். அங்கே 'ஸ்டிக்' அல்லது 'கிளிங்' எழுதுங்கள்.