பெட்டியா, குப்பையா, திரையா?

ஆறாம் வகுப்பு, மின்னியல் பாடம். வகுப்பில் 35 பிள்ளைகள், கையில் 40 நிமிடம். வருகைப்பதிவு எடுத்து அமளி அடங்குவதற்குள் ஏழெட்டு நிமிடம் போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தில் எல்லாருடைய கையும் பொருளைத் தொட்டாக வேண்டும்.

இதற்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் கிட் பெட்டி, வீட்டிலும் கடைவீதியிலும் பொறுக்கிச் சேர்க்கும் சாமான்கள், கணினித் திரையில் ஓடும் மாதிரிச் சோதனை. ஆசிரியர் மேசையில் செய்துகாட்டப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது நாலாவது வழி என்பார்கள். முன்பெஞ்சுக்கு மட்டுமே தெரியும் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஒரே ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம்: சின்ன மின்மோட்டார். ஒரு டார்ச் செல், ஒரு காந்தம், இரண்டு ஊக்கு, எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய ஒரு வளையம். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்து 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா இந்தியா முழுக்கப் பரப்பிய மோட்டார் இது.

கிட் பெட்டியில் சுருள் ஏற்கெனவே சுற்றப்பட்டிருக்கும். முனைகளும் சுரண்டித் தயாராக இருக்கும். படத்தைப் பார்த்துப் பொருத்தினால் ஐந்து நிமிடத்தில் மோட்டார் ஓடும், வகுப்பே கைதட்டும். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. பெட்டியை மூடிவைக்க வேண்டியதுதான்.

பொறுக்கிய சாமானில் கதை வேறு. கம்பியைச் செல்லின்மேல் பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றி, இரு முனையிலும் உள்ள, மின்சாரத்தைக் கடத்தாத எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு செல்லின் இரு பக்கமும் நிற்கும் ஊக்குகளின் கண்ணில் முனைகளை மாட்ட வேண்டும். ஒருமுறை ஒரு மாணவி இரண்டு முனைகளையும் பளபளவென்று, ஒரு பொட்டு எனாமல் இல்லாமல் தேய்த்து வைத்தாள். சுருள் ஒரு துள்ளு துள்ளி, ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றுவிட்டது. பக்கத்துப் பையன் ஒரு முனையை அரைகுறையாகத் தேய்த்திருந்தான். அவனுடையது விர்ரென்று சுற்றியது. "சார், இவன் சோம்பேறி சார். இவனுது மட்டும் ஏன் சுத்துது?" அந்தக் கேள்விக்காகவே நான் இந்த மோட்டாரை வருடா வருடம் எடுக்கிறேன்.

காரணம் இதுதான். சுருளின் முதல் அரைச்சுற்றில் காந்தம் அதை முன்னே தள்ளும். அடுத்த அரைச்சுற்றில் சுருள் புரண்டுவிடுவதால் அதே மின்னோட்டம் அதைப் பின்னே இழுக்கும். முழுக்கச் சுரண்டிய சுருள் பெரும்பாலும் இந்த இழுபறியில்தான் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. ஒரு முனையில் பாதி எனாமல் மிச்சமிருந்தால், பின்னே இழுக்க வேண்டிய நேரத்தில் மின்சாரமே நின்றுபோகும். சுருள் வந்த வேகத்திலேயே அந்தப் பாதியைக் கடந்துவிடும். கிட் தயாரித்தவர் இந்த அரைகுறை வேலையைத் தொழிற்சாலையிலேயே நேர்த்தியாகச் செய்து அனுப்பிவிடுகிறார். பிள்ளைக்குக் கேள்வி கைக்கு வருவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

சரி, பெட்டியில் நல்லதே இல்லையா? இருக்கிறது. ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் பெட்டி பள்ளியிலேயே இருக்கும். புதிதாக வருபவர் முதல் நாளே தொடங்கலாம். பொறுக்கும் வழிக்கு ஆசிரியரின் இரண்டு மாலைகள் பலி. டார்ச் பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா டார்ச்சும் எல்.இ.டி.க்கு மாறியபின் பழைய இழை பல்பைத் தேடிப் பத்துக் கடை ஏற வேண்டியிருக்கிறது. எல்.இ.டி.யை வாங்கலாம் என்றால் அது ஒரே 1.5 வோல்ட் செல்லில் எரியாது, இரண்டு வேண்டும். திருப்பி மாட்டினாலும் எரியாது. "சுற்று மூடியிருந்தால் விளக்கு எரியும்" என்று சொல்ல வந்த பாடம், நேர்முனை எதிர்முனைச் சண்டையில் முடியும்.

ஆனால் பெட்டிக்கு ஒரு தீராத வியாதி உண்டு. விலை கூடக்கூட அது பீரோவுக்குள் போய்விடும். நான் பார்த்த ஒரு பள்ளியில் கிட் பெட்டிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. தொலைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கான அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு மத்திய அரசு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ பாகங்கள் எல்லாம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அது கொண்டாட்டம்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், அது கையில் கிடைத்தால்.

பீரோ வியாதிக்குத் தமிழ்நாட்டில் ஒரு மருந்து பார்க்கிறார்கள். 2022 நவம்பரில் மாநில அரசு தொடங்கிய வானவில் மன்றம் என்ற திட்டம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சாமானோடு, அதைச் செய்துகாட்ட ஒருவரும் பள்ளிக்கு வருவார். பெட்டி மட்டும் வருவதைவிட இது எவ்வளவோ மேல். என் ஒரே குறை, அவர் கிளம்பியபின் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அடுத்த வருகைவரை யார் பதில் சொல்வது என்பதுதான்.

அந்த இடத்தில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் நினைவுக்கு வரும். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவிய அறிவியல் கற்பித்தல் திட்டம். அங்கேயும் பிள்ளைகளுக்குப் பெட்டி கொடுத்தார்கள்தான். ஆனால் ஆசிரியர்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், கையால் செய்துகாட்டும் பகுதியும் உண்டு. மாநில அரசு 2002இல் அதை மூடிவிட்டது. நம் தேர்வில் அரைகுறைச் சுரண்டலைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? அதனால்தான் கைவேலை எங்கள் அட்டவணையில் எப்போதும் "நேரம் இருந்தால்" என்ற வரிசையில் நிற்கிறது.

திரைக்கு வருவோம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) மாதிரிச் சோதனைகள் இணையத்தில் இலவசம். கம்பி அறுவதில்லை, செல் தீர்வதில்லை. குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) போட்டால் திரையில் பேட்டரி தீப்பற்றும். பிள்ளைகள் அதையேதான் பத்து முறை செய்வார்கள், தடுக்க முடியாது. நிஜத்தில் கம்பி சூடாகி விரலைச் சுட்டவுடன் விட்டுவிடுவார்கள். சுட்ட விரல் ஒரு முறையிலேயே கற்றுக்கொள்கிறது.

ஆனாலும் ஓர் இடத்தில் திரையை எதுவும் ஜெயிக்க முடியாது. மின்சாரத்தைப் பல்பு தின்றுவிடுகிறது, திரும்பிப் போகும் கம்பியில் குறைவாகத்தான் ஓடும் என்று பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான். எத்தனை முறை பல்பை எரியவிட்டாலும் அந்த நினைப்பு போகாது, ஏனென்றால் கம்பிக்குள் கண் நுழையாது. திரையில் எலக்ட்ரான் உருண்டைகள் பல்புக்குள் போன அதே எண்ணிக்கையில் வெளியே வருவதை எண்ணிப் பார்க்கலாம். அதை மோட்டார் செய்த மறுநாள் காட்ட வேண்டும். முன்னாடியே காட்டினால் அது இன்னொரு வீடியோ கேம்.

எல்லாவற்றுக்கும் குப்பைதான் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. நுண்ணோக்கி என்றால் தயங்காமல் வாங்குங்கள். தண்ணீர்த் துளியை லென்ஸாக்கிப் பார்க்கும் வித்தை அழகாக இருக்கும், துளி நடுங்கியே வகுப்பு முடிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் காகிதத்தால் ஆனது, 140 மடங்கு பெரிதாக்கும். மடித்துப் பொருத்தும் வேலையைப் பிள்ளையே செய்வதால் பெட்டிக்குரிய குறையும் பாதி தீர்ந்துவிடுகிறது.

மோட்டாரைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடையில் மிச்சக் கம்பி கேளுங்கள். குண்டூசித் தடிமன் இருக்கட்டும், அதைவிட மெல்லியதென்றால் சுருள் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். ஒரு முனையை முழுக்கச் சுரண்டி, சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறு முனையின் மேல்பாதியை மட்டும் சுரண்டுங்கள். பிள்ளைகளிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.