சிவப்பு உருவம் தோன்றினால்: லெவலிங்கா, ஆள் மாற்றமா, மிகைநேரமா?

வேலைகளைத் திட்டமிடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் புரொஜெக்டின் அட்டவணையில் ஒருவருக்கு அவரால் செய்து முடிக்கக் கூடியதைவிட அதிக வேலை ஒதுக்கப்பட்டால், அந்த வேலையின் வரிசையில் சிறிய சிவப்பு மனித உருவம் ஒன்று தோன்றும். அதைக் கண்டதும் சிலர் 'லெவல் ஆல்' பொத்தானை அழுத்தி லெவலிங் செய்கிறார்கள், அதாவது மோதும் வேலைகளை மென்பொருளே தள்ளிப்போட விடுகிறார்கள். சிலர் வேலையை இன்னொருவர் பெயருக்கு மாற்றுகிறார்கள். வேறு சிலர் மிகைநேரத்தை ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாலும் சிவப்பு மறையும். ஆனால் முதலாவது நாள்களைச் செலவழிக்கிறது, இரண்டாவது மற்றொருவரின் நேரத்தை, மூன்றாவது பணத்தையும் ஊழியரின் உடலையும். முடிவுத் தேதி தவறினால் நாள்கணக்கில் இழப்பீடு கட்டவேண்டிய சிங்கப்பூர்க் குத்தகைப் பணிகளில் ஆள் மாற்றத்தையே முதலில் முயலவேண்டும் என்பதும், லெவலிங்கை வேலைகளுக்கு இடையிலுள்ள தளர்வு நேரத்துக்குள் (முடிவுத் தேதி நகராமல் ஒரு வேலையைத் தள்ளிப்போடக்கூடிய இடைவெளிக்குள்) மட்டும் அனுமதிக்கவேண்டும் என்பதும் என் கருத்து.

ஒப்பிடுவதற்கு முன், சிவப்பு உண்மையானதா என்று பார்த்துவிடவேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் காலை எட்டு மணிக்கே தொடங்கும் இரண்டு வேலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்று வைத்தால், மொத்தம் நான்கு மணி நேரமே ஆனாலும் மென்பொருள் அவரை மிகை ஒதுக்கீட்டில் சேர்த்துவிடும். ஏனெனில் எட்டு மணிக்கு அவர் இரண்டு இடத்தில் இருக்கமுடியாது. நடைமுறையிலோ அவர் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்குவார். இத்தகைய சிவப்பை நீக்க அட்டவணையையே புரட்டிப்போடத் தேவையில்லை. நாட்காட்டியையும் சரிபார்க்கவேண்டும். மென்பொருளுடன் வரும் இயல்பு நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்பதோடு நின்றுவிடும். நம் பொது விடுமுறை எதுவும் அதில் இருக்காது. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருவதால் மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை. அதை நாம்தான் பதிவுசெய்யவேண்டும். பதிவுசெய்யாத அட்டவணையில் அன்று எல்லாரும் வேலைசெய்வதாகக் கணக்காகும். விடுமுறை கழிந்த பிறகுதான் பற்றாக்குறை தெரியவரும்.

இனி லெவலிங். இதைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், மென்பொருள் தானாகவே ஓய்வாக இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து வேலையைக் கொடுத்துவிடும் என்பது. அது ஒருபோதும் ஆளை மாற்றாது. வேலையைத் தள்ளிப்போடும், அல்லது இடையில் முறித்து இரண்டாகப் பிரிக்கும், அவ்வளவே. எதைத் தள்ளுவது என்பதை வேலைகளின் தொடர்பு, தளர்வு நேரம், தேதிகள், முன்னுரிமை எண் ஆகியவற்றைக் கொண்டு முடிவுசெய்கிறது. முன்னுரிமை 0 முதல் 1000 வரை இருக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் எல்லாமே 500. எல்லாமே 500 ஆக இருக்கும் அட்டவணையில் லெவலிங்கை ஓட்டினால், எது முக்கியமான வேலை என்ற செய்தியே அதற்குப் போய்ச்சேர்வதில்லை. 1000 என்று கொடுத்த வேலையை அது தொடாது. மின்னிணைப்புச் சோதனை, டிஓபி (கட்டடத்தைப் பயன்படுத்தத் தரும் தற்காலிக அனுமதி) ஆய்வு போன்ற அசைக்கமுடியாத நாள்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது. 'தளர்வு நேரத்துக்குள் மட்டும்' என்ற தெரிவையும் குறியிட்டால் முடிவுத் தேதி நகராது; தீர்க்கமுடியாத மோதல்களை மட்டும் நம்மிடம் விட்டுவிடும். அந்த மிச்சத்தைத்தான் மனிதர் உட்கார்ந்து யோசிக்கவேண்டும்.

ஆரக்கிளின் பிரைமவேரா பி6 மென்பொருளிலும் லெவலிங்கின் அடிப்படை இதுவே என்றாலும், பழகும் விதம் வேறு. மைக்ரோசாஃப்டில் தள்ளிப்போட்ட கால அளவு ஒவ்வொரு வேலையிலும் ஒரு மதிப்பாகப் பதிந்துவிடும். நாமாக அழிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். மூன்று மாதத்துக்கு முன் யாரோ ஓட்டிய லெவலிங் இன்றைய தேதிகளை இழுத்துக்கொண்டிருப்பதைப் பலர் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பி6இல் அட்டவணையை மறுபடி கணக்கிட்டால் லெவலிங் தந்த தேதிகள் கலைந்துவிடும். கணக்கிடும்போதே லெவலிங்கும் சேர்ந்து ஓடவேண்டும் என்று அமைத்திருந்தால் மட்டும் தொடரும். எனக்குப் பி6இன் போக்கே பிடித்திருக்கிறது. பழைய தீர்வு புதிய அட்டவணைக்குள் ஒளிந்திருக்க அது இடம் கொடுப்பதில்லை.

ஆள் மாற்றத்தில்தான் சிங்கப்பூரின் தனித்தன்மை தெரியும். மைக்ரோசாஃப்ட் புரொஜெக்டின் 2010 பதிப்பிலிருந்து புரொஃபெஷனல் வகையில் 'டீம் பிளானர்' என்ற பார்வை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. மிகை ஒதுக்கீடு உள்ள வேலையைச் சுட்டியால் பிடித்து இன்னொருவர் வரிசையில் விட்டால் வேலை கைமாறிவிடும். பார்க்க எளிதாக இருப்பதே இதன் ஆபத்து. துவாஸ் கிடங்கு ஒன்றின் மின்பணியையும் சாங்கியில் ஓர் அலுவலகப் புதுப்பிப்பையும் ஒரே குழு பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு இடங்களுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்பது அந்தத் திரையில் தெரியாது. அதைவிட முக்கியம், உரிமம். எரிசக்திச் சந்தை ஆணையம் மின்பணியாளர்களுக்குத் தரும் உரிமத்தில் எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், இன்ஜினியர் என்று மூன்று நிலைகள் உள்ளன. எலக்ட்ரீஷியன் உரிமம் உள்ளவர் 45 கேவிஏ (கிலோவோல்ட் ஆம்பியர்) வரையிலான மின்சுமைக்கு மட்டுமே பொறுப்பேற்கலாம். கிடங்கின் பெரிய மின்பலகை வேலையை அவர் வரிசையில் இழுத்துவிட்டால் மென்பொருள் மறுக்காது, சட்டம் மறுக்கும்.

இதற்குப் பி6இல் உள்ள 'ரோல்' முறை ஓரளவு உதவுகிறது. வேலைக்கு முதலில் பெயரை அல்ல, 'டெக்னீஷியன் உரிமம் உடையவர்' போன்ற பொறுப்பை ஒதுக்கிவைத்து, பிறகு அந்தப் பொறுப்புக்கு உரியவர்களின் பட்டியலிலிருந்தே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாஃப்டில் குழு என்ற புலத்திலோ நாமே உருவாக்கும் புலத்திலோ உரிம நிலையை எழுதி வடிகட்டவேண்டியிருக்கும். செய்யலாம், ஆனால் ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு.

வேலை பாதியில் இருக்கும்போது ஆள் மாற்றினால் இன்னொரு கவனமும் தேவை. பழையவர் பெயரை அழித்துவிட்டுப் புதியவரைச் சேர்க்கக்கூடாது. அப்படிச் செய்தால் அவர் ஏற்கெனவே உழைத்த மணிநேரக் கணக்கும் போய்விடும். 'ரீபிளேஸ்' கட்டளையைப் பயன்படுத்தினால் முடிந்த வேலை பழையவர் பெயரிலேயே நின்று, மிச்சம் மட்டும் புதியவருக்குப் போகும்.

மிகைநேரம் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, எல்லை சட்டத்திலேயே இருக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் 2,600 வெள்ளிக்கு மேற்படாத மற்ற ஊழியர்களுக்கும் பொருந்தும். நிர்வாகிகள் அதில் சேரமாட்டார்கள். அதன்படி மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும், பொதுவாக மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, நாளுக்கு மொத்தம் 12 மணி நேரமே உச்சம். மென்பொருளில் ஒருவருக்குக் குறித்திருக்கும் அதிகபட்ச வேலை அளவை 100 விழுக்காட்டிலிருந்து 150 ஆக உயர்த்திச் சிவப்பை மறைப்பதை மிகைநேரத் திட்டமிடல் என்று சொல்லவே முடியாது: அதில் ஒன்றரை மடங்குச் செலவும் கணக்கில் ஏறாது, 72 மணி நேர எல்லையும் யார் கண்ணிலும் படாது. மிகைநேரம் கட்டாயம் தேவை என்றால் அதற்குரிய புலத்தில் மணி நேரத்தையும், வளப்பட்டியலில் மிகைநேர விகிதத்தையும் எழுதிவிடவேண்டும். அப்போதுதான் துவாஸ் வேலைக்கு வெளியிலிருந்து உரிமம் உள்ள ஒருவரைச் சில நாள்களுக்கு அமர்த்துவது மலிவா, இருப்பவரையே இரவு எட்டு மணி வரை நிறுத்திவைப்பது மலிவா என்பதை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கமுடியும்.