எச்டி பாக்ஸ் வந்துருச்சு, எச்டி சேனலத்தான் காணோம்

சேலம் அம்மாபேட்டைல இருக்கோம். தீபாவளிக்கு 43 இன்ச் டிவி ஒண்ணு வாங்கினோம், பழைய குண்டு டிவிய எறக்கிட்டு இத செவுத்துல மாட்டுன அன்னைக்கு பக்கத்து வீடு எதுத்த வீடெல்லாம் வந்து பாத்துச்சு, ஆனா கேபிள போட்டா பழசே தேவலாம்னு இருந்துச்சு. எல்லார் மூஞ்சியும் மாவு பூசுன மாதிரி. கேபிள் தம்பிகிட்ட கேட்டா "இது எஸ்டி, சாதா பாக்ஸுங்கண்ணா, பெரிய டிவில அப்படித்தான் தெரியும், எச்டி பாக்ஸ் போட்டுக்கங்க, சூப்பரா இருக்கும்"னான். 1,500 ரூபா. குடுத்தேன்.

மாட்டிட்டுப் போனான், ஒரு வித்தியாசமும் இல்ல. ஒரு வாரம் கழிச்சுதான் பின்னாடி எட்டிப் பாக்கறேன், எச்டி பாக்ஸ பழைய மஞ்ச செவப்பு வெள்ள ஒயர்லயே சொருகி வெச்சிருக்கான். அந்த ஒயர்ல எச்டி வரவே வராது. எச்டிஎம்ஐ கேபிள் டப்பாவோட வரலையாம், தனியா வாங்கணுமாம், அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் 250 ரூபாய்க்கு வாங்கி நானே சொருகினேன்.

அப்பவும் அதே மாவு மூஞ்சிதான். கூப்பிட்டேன், வந்தான் (கூப்பிட்டா வருவான், அத சொல்லியே ஆகணும்). டிவி ரிமோட்ல ஒரு பட்டன அமுக்கி மூலைல 1080னு வந்தத காட்டி "பாருங்கண்ணா எச்டிதான்"ங்கறான். இதுல நெறைய பேர் ஏமாறுவாங்க. அந்த நம்பர் பாக்ஸ் வெளிய அனுப்பற அளவு, சேனல் என்னவா வருதுங்கறது வேற. எஸ்டி சேனல்னா 720க்கு 576 புள்ளிதான், அத இழுத்து 1920க்கு 1080ல பரப்புனா அஞ்சு மடங்கு எடத்துக்கு அதே புள்ளிய தேய்க்கறதுதான், பழைய சாம்பார்ல தண்ணி ஊத்தி பந்திக்கு விடற மாதிரி.

சரி, எச்டி சேனல் எதெல்லாம் இருக்குன்னு லிஸ்ட்ட முழுசா ஓட்டிப் பாத்தேன். இங்கிலீஷ் படம் இருக்கு, இந்தி இருக்கு, தெலுங்கு இருக்கு, காட்டு மிருகம் காட்டற சேனல் இருக்கு. அந்த மிருக சேனல் நெஜமாவே பிரமாதம், சிறுத்தையோட மீச முடிய எண்ணலாம். தமிழ்ல பேருக்கு ரெண்டு. எங்க வீட்ல ராத்திரி ஓடற ஒரே ஒரு தமிழ் சேனல், அதோட எச்டி மட்டும் லிஸ்ட்லயே இல்ல. பணம் கட்டலைன்னு கூட வரல, அப்படி ஒரு நம்பரே கெடையாது.

இதுக்கு ஏன் இவ்ளோ கோவம்னா எங்கம்மாவுக்காகத்தான். அவங்க முப்பது வருசத்துக்கு மேல பட்டுத்தறில உக்காந்தவங்க. சீரியல் பாக்கறது கதைக்கு இல்ல, சேலைக்கு. மருமக அழுதுட்டு இருப்பா, அம்மா "அது கோர்வை இல்லடா, பவர்லூம்ல ஓட்டுனது, ரெண்டாயிரத்துக்கு மேல தரக்கூடாது"ம்பாங்க. கோர்வைன்னா உடலும் கரையும் வேற வேற கலர், சேர்ற எடத்துல நாடாவ (ஊடு நூல் ஓட்டற கட்டைய) மாத்தி மாத்தி போட்டு கோக்கணும், ஒருத்தரால முடியாது, பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். அந்த சேர்ற கோட்டப் பாத்துதான் அவங்க எட போடறது. எங்க டிவில அந்த எடத்துல கோடே இல்ல, ஒரே கலங்கல். மாடி வீட்ல டிஷ்ஷு, அங்க போய் அதே சீரியல பாத்துட்டு வந்தாங்க, வாசல்லயே நின்னு "ஜரிகை கூட தெரியுதுடா அங்க"ன்னாங்க. சிறுத்த மீசைய வெச்சு நான் என்ன பண்றது.

ஏன் இல்லைன்னு கேட்டதுக்கு தம்பி சொன்னது, "சேனல்காரங்க நம்ம கம்பெனிக்கு எச்டி குடுக்கலைங்கண்ணா, ரேட் படியல." மேல இருக்கற கேபிள் கம்பெனிக்கு போன் பண்ணா "ப்ராட்காஸ்டர் சைடுல பெண்டிங் சார்". சேனலுக்கு போன் பண்ணா "உங்க கேபிள் ஆபரேட்டர கேளுங்க". முனியப்பன் கோயில் பூசாரிகிட்ட குறி கேட்டாக்கூட ஒரு பதில் கெடைக்கும். டிவி, போன் கம்பெனிகளுக்கு ரூல் போடற அரசு அமைப்பு ட்ராய், அது 2017ல போட்ட ரூல்படி கேபிள் கம்பெனி கேட்டா சேனல்காரங்க பாரபட்சம் இல்லாம 60 நாளுக்குள்ள சிக்னல் குடுக்கணும். ஆனா கேட்டாத்தான். இவங்க ஒழுங்கா எழுதிக் கேட்டாங்களா, இல்ல ஒரு எச்டிய ஏத்தற எடத்துல மூணு நாலு எஸ்டிய ஏத்திக்கலாம்னு சும்மா இருக்காங்களா, நமக்கு யார் சொல்லுவா. 2023 பிப்ரவரியில புது ரேட்டுக்கு கையெழுத்து போடலைன்னு பெரிய சேனல் கம்பெனிங்க சில பேர் நாடு பூரா பல கேபிள் கம்பெனிக்கு சிக்னலையே நிறுத்துனாங்க, அப்பவும் ரிமோட்ட வெச்சுக்கிட்டு முழிச்சது நாமதான். ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியும், அதே சேனலோட எச்டி மாடி வீட்டு டிஷ்ல வருது. அங்க குடுக்க முடியும்னா இங்க குடுக்கறதுல என்ன கஷ்டம்?

2019ல சேனலுக்கு சேனல் காசுன்னு ஆக்குனப்பவே மாச அடிப்படைக் கட்டணம் 130 ரூபா, ஜிஎஸ்டியோட 153 ரூபா 40 பைசா, அதுல ஒரு எச்டிய ரெண்டு சேனலா எண்ணுவாங்கன்னு வெச்சாங்க. ரெண்டா எண்ணிக்கோங்கப்பா, குடுத்துட்டு எண்ணுங்க.

மத்தபடி சர்வீஸ் மோசம் இல்ல. மழைல சிக்னல் போகாது, டிஷ்காரங்க வீட்ல மழன்னா படம் நின்னுரும். போன மாசம் லாரி இடிச்சு ஒயர் அறுந்தப்போ ராத்திரி ஒம்பது மணிக்கு டார்ச்ச வாய்ல கவ்விக்கிட்டு போஸ்ட்ல ஏறி ஒட்டிட்டுப் போனான். நடராஜன் பௌலிங் போட்ட மேட்ச் அன்னைக்கு கரெக்டா வந்துச்சு, நம்ம சின்னப்பம்பட்டி பையன் யார்க்கர, கிரிக்கெட் எச்டில வர்றதால, ஷூ நுனில எறங்கறவரைக்கும் பாத்தோம். பாக்ஸ் மட்டும் சூடாகுது, மேல துணி கிணி போட்டுடாதீங்க.

டிஷ் மாத்தலாம்தான், ஹவுஸ் ஓனர் மொட்ட மாடில இன்னொரு ஓட்ட போட விடமாட்டேங்கறாரு, ஒழுகுமாம். ஆப்ல பாக்கலாம்னா அம்மாவுக்கு எட்டரைக்கு ஓடறத எட்டரைக்கே பாக்கணும், காலைல தண்ணி புடிக்கற எடத்துல பேசணும்ல.

அஞ்சாந்தேதி தம்பி பணத்துக்கு வந்தான். அம்மா அவன உக்கார வெச்சு மோர் குடுத்துட்டு ஓடிட்டு இருந்த சீரியல காட்டி "இது கோர்வையா இல்லையா சொல்லு, உங்கப்பனும் தறிக்காரன்தானே"ன்னாங்க. எந்திரிச்சு டிவிக்கிட்ட போய் ஒரு சாண் தூரத்துல நின்னு பாத்தான். "தெரியலீங்கம்மா"ன்னான். பணத்த எண்ணி வாங்கிட்டு போய்ட்டான்.