சிஸ்டம் ஆஃப் எ டவுன்: ஆர்மீனியாவைத் தேடி வாங்குபவர்கள் எந்த இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம்?

சிஸ்டம் ஆஃப் எ டவுன் ஓர் "ஆர்மீனிய மெட்டல் பேண்ட்" என்று கேள்விப்பட்டு நேராக அவர்களின் டாக்ஸிசிட்டியை வாங்குபவர்களுக்கு முதல் முறை கேட்கும்போது ஏமாற்றம்தான் மிஞ்சும். 2001 செப்டம்பரில் வந்த அந்த இசைத்தட்டில் 14 பாடல்கள் இருக்கின்றன. அமெரிக்கச் சிறைகள், போராட்டக்காரர்களை ஒடுக்கும் போலீஸ், தற்கொலை என்று பல விஷயங்கள் வருகின்றன. 1915-ல் ஒட்டோமான் துருக்கியில் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலை பற்றி நேரடியாக ஒரு பாட்டு கூட இல்லை. இசைத்தட்டு மட்டம் என்று அர்த்தமில்லை. இவர்கள் செய்ததிலேயே உச்சம் அதுதான். ஆனால் இந்தக் குழு ஏன் ஆர்மீனியர்களின் குரலாகப் பார்க்கப்படுகிறது என்று புரிந்துகொள்ள அது சரியான வாசல் இல்லை.

சரியான வாசல் 1998 ஜூன் 30 அன்று வந்த, குழுவின் பெயரையே தாங்கிய முதல் இசைத்தட்டு. அட்டையில் இருக்கும் விரித்த கை ஜான் ஹார்ட்ஃபீல்டு 1928-ல் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் தேர்தல் சுவரொட்டிக்காகச் செய்தது. பின்பக்க வாசகமும் அந்தக் கையைத் தொட்டுத்தான் பேசுகிறது: ஐந்து விரல்களால் ஆக்கவும் முடியும், அழிக்கவும் முடியும், கண்ணைத் திறந்து வாயைத் திறந்து கையை முஷ்டியாக மூடு. பாட்டு ஓடுவதற்கு முன்பே குழு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதம் இது. எம்பி3 மட்டும் இறக்கிக் கேட்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அதனால் இந்த ஒன்றையாவது சிடியாகவோ எல்பியாகவோ கையில் வாங்குங்கள்.

பதிமூன்றாவது பாட்டு, பி.எல்.யூ.சி.கே. இசைத்தட்டின் கடைசிப் பாட்டும் அதுதான், 3 நிமிடம் 37 நொடி. ஆர்மீனிய இனப்படுகொலையில் மாண்ட 15 லட்சம் பேரின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இது ஒப்பாரி அல்ல. நடுவில் மூன்று சொற்கள் கோஷம் போலத் திரும்பத் திரும்ப வருகின்றன: அங்கீகாரம், மீட்பு, இழப்பீடு. ஊர்வலத்தில் பதாகையில் எழுதுகிற கோரிக்கைப் பட்டியல் அது. டேரோன் மலாக்கியனின் கிட்டார் அதன் அடியில் வெட்டி வெட்டிப் போகிறது. பாடகர் செர்ஜ் டாங்கியன் பாடாமல் முழங்குகிறார். முதல் இசைத்தட்டு போடும் புதுக் குழு, பெரிய நிறுவனத்தின் காசில், ரிக் ரூபினின் தயாரிப்பில், வானொலிக்கு எடுபடாத இப்படியொரு பாட்டை கடைசியில் வைத்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் அங்கே போடப்பட்டது.

நால்வரின் பின்னணியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும். டாங்கியனும் டிரம்ஸ் வாசிக்கும் ஜான் டோல்மயனும் பெய்ரூட்டில் பிறந்தவர்கள். பேஸ் வாசிக்கும் ஷாவோ ஒடாஜியன் யெரெவானில் பிறந்தவர். மலாக்கியன் மட்டும் லாஸ் ஏஞ்சலஸில். குழு 1994-ல் கலிஃபோர்னியாவின் க்ளெண்டேலில் உருவானது, டோல்மயன் 1997-ல் வந்து சேர்ந்தார். நால்வருமே படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். புலம்பெயர்ந்தோர் பள்ளியிலும் கோயிலிலும் வீட்டிலும் கேட்டு வளர்ந்த விஷயத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். விளம்பரத்துக்காகப் பின்னால் ஒட்டிய முத்திரை இல்லை இது.

இசையில் அந்த மண் எங்கே தெரிகிறது? சின்ன ரி-யிலிருந்து பெரிய க-வுக்குத் தாவும் அந்த அகலமான இடைவெளியில். ஆர்மீனியா, அரபு நாடுகள், துருக்கி எல்லாவற்றுக்கும் பொதுவான ஹிஜாஸ் என்ற சுர அமைப்பின் சாயல் அது. கர்நாடக இசை பழகிய காதுக்கு வகுளாபரணம் நினைவுக்கு வரும். சுர வரிசை கிட்டத்தட்ட அதுவேதான். கிட்டாரை டிராப் சி-க்கு இறக்கிச் சுருதி சேர்ப்பதால் அந்தச் சாயல் கனத்துப்போய் மெட்டலாகக் கேட்கிறது. வீட்டில் வாசித்துப் பழகுகிறவர்கள் கவனிக்க: ஆறாவது தந்தியிலிருந்து வரிசையாக சி, ஜி, சி, எஃப், ஏ, டி. சாதாரணத் தந்தி இந்த அளவுக்குத் தளர்ந்தால் ஃப்ரெட்டில் இடித்து இரையும். கொஞ்சம் தடித்த செட்டாக மாற்றிவிட்டுச் சுருதி சேருங்கள்.

டாக்ஸிசிட்டியில் ஆர்மீனியா ஒளிந்திருக்கும் இடம் கடைசித் தடம். சிடியில் ஏரியல்ஸ் 6 நிமிடத்துக்கு மேல் ஓடும். நான்காவது நிமிட வாக்கில் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து வருவது ஆர்ட்டோ என்ற மறைவுத் தடம். இஸ்தான்புல் பக்கத்து ஆர்மீனியரான ஆர்ட்டோ துஞ்ச்போயாஜியனோடு சேர்ந்து செய்தது. "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்ற பழைய ஆர்மீனியத் திருச்சபைப் பாடலைத் தழுவியது. ஏரியல்ஸின் சிங்கிள் வடிவத்தை வாங்கினால் இந்தப் பகுதி கிடைக்காது. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு ஒரு பிரார்த்தனை வந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே முழு வடிவத்தை வாங்கலாம்.

2002-ல் வந்த ஸ்டீல் திஸ் ஆல்பத்தை இந்தத் தேடலுக்கு அவசரமாக வாங்க வேண்டியதில்லை. கையால் மார்க்கரில் எழுதிய சிடி போன்ற வடிவமைப்பு, உள்ளே புத்தகமே கிடையாது. வரிகளைப் படிக்க விரும்புபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

2005-ல் ஆறு மாத இடைவெளியில் வந்த மெஸ்மரைஸையும் ஹிப்னடைஸையும் தனித்தனியாக வாங்காதீர்கள். இரண்டும் ஒரே படைப்பின் இரு பாதி. அட்டைகளும் ஒன்றோடொன்று இணையும்படி செய்யப்பட்டவை. ஓவியங்கள் மலாக்கியனின் தந்தை வார்தான் மலாக்கியனுடையவை. மெஸ்மரைஸ் தொடங்கும் ஒரு நிமிட முன்னுரை ஹிப்னடைஸின் கடைசிப் பாட்டான சோல்ஜர் சைடில் போய்த்தான் நிறைவடைகிறது. வரிசை மாற்றிக் கேட்டாலும் ஷஃபிளில் போட்டாலும் இந்தக் கட்டமைப்பு குலைந்துவிடும். ஒலிப்பதிவு ஏற்ற இறக்கமில்லாமல் மிகவும் நெரித்து உரக்கச் செய்யப்பட்டது. ஹெட்ஃபோனில் நீண்ட நேரம் கேட்டால் காது அசந்துபோகும், ஒலியளவைக் குறைத்துக் கேளுங்கள்.

ஹிப்னடைஸின் எட்டாவது பாட்டு, ஹோலி மவுண்டன்ஸ். ஐந்தரை நிமிடம். அராரத் மலையும் அராஸ் ஆறும்தான் விஷயம். யெரெவானிலிருந்து பார்த்தால் அராரத் கண்ணெதிரே நிற்கும், ஆனால் அது எல்லைக்கு அந்தப்புறம், துருக்கியில். 5,137 மீட்டர் உயர மலை ஒன்றை தினமும் பார்த்துக்கொண்டே ஏற முடியாமல் இருக்கும் ஒரு மக்களின் பாட்டு என்று தெரிந்து கேட்டால், மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் அந்த அமைப்பு வேறு மாதிரி இறங்கும். 2015-ல் படுகொலையின் நூற்றாண்டையொட்டி வேக் அப் தி சோல்ஸ் என்று பெயரிட்டுப் பயணம் போனபோது இதையும் வாசித்தார்கள். அந்தப் பயணம் ஏப்ரல் 23 அன்று யெரெவான் குடியரசுச் சதுக்கத்தில் இலவசக் கச்சேரியாக முடிந்தது. குழு ஆர்மீனியாவில் வாசித்தது அதுவே முதல் முறை. கொட்டுகிற மழையில் கூட்டம் கலையவில்லை. அதே நாளில்தான் ஆர்மீனியத் திருச்சபை மாண்டவர்களைப் புனிதர்களாக அறிவித்தது. தேவாலய மணி ஒலித்த நேரம், 1915-ஐ நினைவூட்டும் விதமாக, மாலை 19:15. கச்சேரி காணொளியாகக் கிடைக்கிறது. நேரம் இருப்பவர்கள் இசைத்தட்டுகளுக்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

கூடவே ஸ்க்ரீமர்ஸ், 2006. கார்லா கரபெடியன் இயக்கிய ஆவணப்படம். கச்சேரிக் காட்சிகள் என்று நம்பி வாங்கினால் பாதிதான் உண்மை. டாங்கியனின் தாத்தா ஸ்டெபான் ஹாய்தாயன், தப்பிப் பிழைத்தவர், அதில் பேசுகிறார். துருக்கியில் வாழ்ந்த ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் டிங்க் வருகிறார். படம் வந்த சில வாரங்களில், 2007 ஜனவரி 19 அன்று, இஸ்தான்புல்லில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வாஷிங்டனில் அங்கீகாரத் தீர்மானத்துக்காக டாங்கியன் அலைவதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை ஏற்றது 2019-ல்தான் என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த அலைச்சலின் கனம் தெரியும். படுகொலைகளின் பழைய காட்சிகள் நிறைய உண்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

கடைசியாக 2020 நவம்பர் 6 அன்று வந்த இரண்டு பாட்டு: ப்ரொடெக்ட் தி லேண்ட், ஜெனோசைடல் ஹியூமனாய்ட்ஸ். பதினைந்து வருடங்களில் முதல் புதுப் பாட்டு. இடைப்பட்ட காலத்தில் இவர்களால் ஒரு ஆல்பத்துக்கு ஒத்துப்போக முடியவில்லை. அமெரிக்க அரசியலில் டாங்கியனும் டோல்மயனும் எதிரெதிர்ப் பக்கம், அதுவும் வெளிப்படையாக. ஆனால் செப்டம்பர் 27 அன்று ஆர்ட்சாக்கில், அதாவது ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-கரபாக்கில், அஜர்பைஜானோடு போர் மூண்டதும் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். கிடைத்த பணத்தை ஆர்மீனியா ஃபண்ட் என்ற தொண்டு அமைப்புக்குக் கொடுத்தார்கள். ரசிகர்களின் நன்கொடையும் சேர்ந்து 6 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

பாட்டாக மட்டும் எடைபோட்டால் பழைய உச்சத்தை எட்டவில்லை. ப்ரொடெக்ட் தி லேண்ட் மலாக்கியன் தன் சொந்தக் குழுவுக்காக எழுதி வைத்திருந்தது. அதனால் நடுத்தர வேகம், நேரான அமைப்பு. டாங்கியனின் குரல் சட்டென்று திசை மாறும் அந்தப் பழைய விளையாட்டுக்கு இடமில்லை. மற்றது சிறியது, வேகமானது, இரண்டில் அதுவே பழைய சிஸ்டம் போல ஒலிப்பது. ஆனால் 1998-ல் கோரிக்கையாக முழங்கியதை 2020-ல் காசாகத் திரட்டிக் கொடுத்தார்கள் என்ற வகையில் இவர்களின் பொது முகத்தை இந்த இரண்டு பாட்டைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. வெளியான நான்காவது நாள் போர் ஆர்மீனியத் தரப்பின் தோல்வியில் நின்றது. 2023 செப்டம்பரில் ஆர்ட்சாக்கின் ஆர்மீனியர்கள் ஏறக்குறைய அனைவரும் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். மண்ணைக் காக்கச் சொல்லும் அந்தப் பல்லவியை இன்று கேட்பது கஷ்டமாக இருக்கிறது.

இந்த இரண்டு பாட்டையும் ஸ்ட்ரீமிங்கில் ஓட்டுவதைவிட, கலைஞர்கள் நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் வாங்குங்கள். ஒரு முறை ஸ்ட்ரீம் செய்தால் இசைக்கலைஞருக்குப் போவது பைசாவின் துளி. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 10 முதல் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி அவர்களுக்கு. இந்தப் பாட்டுகள் வந்த நாள் அந்தத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமை. கேட்ட விலைக்கு மேலும் கொடுக்கலாம், பெட்டியில் தொகையை மாற்றினால் போதும். இறக்கும்போது தரம் குறையாத கோப்பு வடிவமான ஃப்ளாக்கைத் தேர்ந்தெடுங்கள். தேவைப்பட்டால் பிறகு எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம், எம்பி3-யைத் திருப்ப முடியாது. பணம் செலுத்தும் முன் இப்போது அந்தத் தொகை எங்கே போகிறது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.