கப் மெழுகுவர்த்திக்கு எந்தத் திரி? மூன்றாம் தடவை ஏற்றிப் பாருங்கள்

போன கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர்களுக்கு நான் ஊற்றிக் கொடுத்த கண்ணாடிக் கப் மெழுகுவர்த்திகளில் ஒன்று, பொங்கல் கழிந்து என்னிடமே திரும்பி வந்தது. நடுவில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி, சுற்றிலும் முக்கால் கப் மெழுகு அப்படியே. "மணமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏத்தி ஏத்தி ஒரு தீப்பெட்டி தீந்துபோச்சு, கேட்டியா?" என்றார் மைனி. அதில் போட்டிருந்தது ஜிங்க் திரி.

என் கலவை 80 பங்கு சோயா மெழுகு, 20 பங்கு தேன்மெழுகு. கப்புக்கென்று வரும் சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். சித்திரை வெயிலில் நம் ஊர் அலமாரியில் வைத்தால் தளதளவென்று ஆகிவிடுகிறது. தேன்மெழுகு உருக 62 டிகிரியாவது வேண்டும். அதற்காகத்தான் சேர்க்கிறேன். ஆனால் திரிக்கு அது கூடுதல் வேலை. மெழுகை உருக்கவும் வேண்டும், உருகியும் கொழகொழவென்று இருக்கும் மெழுகை மேலே இழுக்கவும் வேண்டும்.

சாமி விளக்குப் பஞ்சுத்திரி போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. எண்ணெயில் சாய்ந்து கிடந்து எரிகிற திரி அது. மெழுகு உருகியதும் உள்ளே படுத்து மூழ்கிவிடும்.

ஜிங்க் திரியின் நடுவில் மெல்லிய கம்பி ஓடுகிறது. ஊற்றும்போது விறைப்பாக நிற்கும், புதிதாகச் செய்பவர்களுக்கு அது பெரிய சௌகரியம். கடையில் வாங்கும் சாதா மெழுகுவர்த்தியின் மெழுகான பாரஃபினில் நன்றாகவே எரியும் என்கிறார்கள். வெறும் பாரஃபினில் நான் அதிகம் ஊற்றியதில்லை. என் கலவையில் சுடர் சிறுத்து, நுனியில் கரி கொண்டை போட்டுக்கொண்டது.

மரத்திரி பார்க்க அழகு, படபடவென்று சத்தம் வேறு. முதல் நாள் வீடே கூடி வேடிக்கை பார்த்தது. மறுநாள் பற்றவே மாட்டேன் என்றது. கருகிய நுனியை உதிர்த்து, 3 மி.மீ. உயரம் மட்டும் விட்டால்தான் பிடிக்கிறது. இரண்டே கப்தான் செய்து பார்த்தேன், அகன்ற வாய்ப் பாத்திரத்தில் வேறு மாதிரி எரியலாம்.

இப்போது நான் நிற்பது தட்டையாகப் பின்னிய பருத்தித் திரியில், பஞ்சோடு காகித இழை சேர்த்துப் பின்னிய வகை. எரிய எரிய நுனி ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் ஓரத்துக்குப் போய், அங்கே காற்றுப் பட்டு எரிந்து உதிர்ந்துவிடுகிறது. கொண்டை அவ்வளவாகச் சேர்வதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஏற்றுமுன் 6 மி.மீ. விட்டுக் கத்தரித்துவிடுகிறேன்.

சரி, இதிலும் எந்தப் பருமன்? நான் ஏமாந்தது இங்கேதான். என் கப்பின் உள்வாய் 7 செ.மீ. 2.5 செ.மீ.க்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், மூன்று மணி நேரத்துக்குள் உருகிய மெழுகு கண்ணாடி ஓரத்தைத் தொட வேண்டும். தொடவில்லையே என்று முதல் நாளே பருமனான திரிக்கு மாறினேன். பாதிக்குக் கீழே போனதும் சுடர் ஆட்டம் போட்டது, கண்ணாடியில் புகை படிந்தது, கப்பைத் தொட முடியவில்லை. மெழுகு இறங்க இறங்க, சுற்றி நிற்கும் கண்ணாடிச் சுவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது. மேலே சோம்பலாகத் தெரிகிற திரி கீழே சரியாகிவிடும். மேலேயே ஒரு மணி நேரத்தில் ஓரம் தொடுகிற திரி கீழே போனதும் ஆபத்து. அதனால் முதல் தடவை ஓரத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டி நின்றால் இப்போதெல்லாம் பதறுவதில்லை. மூன்றாம் தடவையும் அப்படியே நின்றால்தான் அடுத்த பருமன்.

ஊற்றியதும் சோதிக்காதீர்கள், சோயா இறுக ஒரு வாரம், இரண்டு வாரம் விடுங்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் எரியவிடவும் வேண்டாம். வாசனை எண்ணெயை மாற்றினால் சோதனை மறுபடி முதலிலிருந்துதான். மல்லிகைக்குச் சரியாக எரிந்த திரி, வெட்டிவேருக்குத் திணறியது.

மைனி கப்பின் மெழுகைச் சுரண்டி உருக்கி, தட்டைத் திரி போட்டு மறுபடி ஊற்றியிருக்கிறேன். நேற்று மூன்றாம் தடவை ஏற்றினேன், மூன்று மணி நேரத்தில் ஓரம் தொட்டுவிட்டது. கீழ்ப்பாதி இனிமேல்தான்.